பத்து கிலோமீட்டர் வட்டம்

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்த செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு தீர்ப்பே எழுதிவிட்டது: பறவை மோதிவிட்டது. பெரியப்பா எங்கிருந்தோ ஒரு வீடியோவை எடுத்துப் போட்டார். மாமா ஒருவர் ஒரு படி மேலே போய், "ரெண்டு இன்ஜின்லயும் கொக்கு" என்றார். ஒரு மாதம் கழித்து வந்த முதல்கட்ட விசாரணை அறிக்கையில், விமானம் போன பாதையில் குறிப்பிடும்படியான பறவை நடமாட்டம் இல்லை என்று இருந்தது. பேச்சு எரிபொருள் சுவிட்சுகளின் பக்கம் திரும்பியது. கொக்கைப் பற்றி அதன்பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. நான் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பம்மல் பக்கம் குடியிருப்பவன். காலையில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி ஏறுகிற பழக்கமும் இருக்கிறது. விமானமும் பருந்தும் எனக்கு ஒரே ஆகாயத்தில் தெரிகிறவை. பெரிய விபத்து என்றால் எல்லோரும் பறவையைக் கைகாட்டுகிறார்கள். நிஜமாகவே பறவை மோதி, விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கிவிட்டால் பேப்பரில் நான்கு வரி, அதோடு சரி. அந்தப் பறவை ஏன் அங்கே வந்தது என்று கேட்க ஆளில்லை.

பறவை காரணமாக இருந்த சம்பவங்களுக்குக் குறைவே இல்லை. 1960-ல் பாஸ்டனில் மேலெழும்பிய எலெக்ட்ரா விமானத்தின் இன்ஜின்களுக்குள் ஸ்டார்லிங் கூட்டம் புகுந்தது. நம் மைனாவின் உறவுக்காரப் பறவை அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். விமானத்தில் இருந்த 72 பேரில் 62 பேர் இறந்தார்கள். 2009-ல் நியூயார்க்கில் கனடா வாத்துகள் இரண்டு இன்ஜின்களையும் நிறுத்திவிட, விமானி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். 2022 ஜூனில் பாட்னாவிலிருந்து டெல்லி கிளம்பிய விமானம் ஒன்று, பறவை மோதி இன்ஜினில் தீ தெரிய, 185 பயணிகளோடு திரும்பி வந்து இறங்கியது. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் 179 பேர் இறந்த விபத்தில், பறவை மோதியதாக விமானிகளே அறிவித்திருந்தார்கள். இரண்டு இன்ஜின்களிலும் பைக்கால் கிளுவை என்ற சின்ன வாத்தின் இறகும் ரத்தமும் கிடைத்தன. ஓடுபாதைக்கு அப்பால் நின்ற கான்கிரீட் மேட்டில் மோதியதால்தான் இத்தனை பேர் போனார்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலைப்பொழுது தடம் மாறத் தொடங்கியது வாத்துக் கூட்டத்தில்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது, "இன்ஜின் முன்னாடி ஒரு கம்பிவலை போட்டா என்ன?" என்றுதான். நல்ல கேள்வி. ஒரு பருந்து ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். விமானம் தரையிறங்கும்போது மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். கணக்குப் போட்டால், அந்த மோதலின் ஆற்றல் 50 கிலோ அரிசி மூட்டையை நாலு மீட்டருக்குச் சற்று மேலிருந்து போட்டதற்குச் சமம். அதைத் தாங்குகிற வலை கனமாக இருக்க வேண்டும், கண்கள் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இன்ஜினுக்குப் போகும் காற்றை அது மறிக்கும், குளிர்ந்த மேகத்தில் அதன்மேல் பனி படியும், தப்பித்தவறி வலை உடைந்தால் பறவையோடு வலையும் உள்ளே போகும். அதனால் இன்ஜின் தயாரிப்பாளர்கள் வலையை விட்டுவிட்டுச் சோதனையை நம்புகிறார்கள். செத்த பறவையைக் காற்றழுத்தப் பீரங்கியில் வைத்து, ஓடும் இன்ஜினுக்குள் சுடுவார்கள். நடுத்தர அளவுப் பறவைகள் பல புகுந்தால், இன்ஜின் தொடர்ந்து ஓடி முக்கால் பங்கு தள்ளுவிசையாவது தர வேண்டும். பெரிய பறவை ஒன்று புகுந்தால் அது ஓட வேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பதில்லை. வெடித்துச் சிதறாமலும் அடக்க முடியாதபடி தீப்பிடிக்காமலும் நின்றால் போதும், சோதனையில் தேறிவிட்டது. ஒரு இன்ஜின் நின்றாலும் இன்னொன்று கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை. ஹட்சனில் இரண்டுமே நின்றன.

ஆக, இன்ஜினை இன்னும் கொஞ்சம் பலப்படுத்தலாம், அதற்கு மேல் வழியில்லை. பறவை அந்த இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம். எந்த இடம் அது?

ஐவரி கோஸ்டில், அபிஜான் நகருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் 1973-ல் ஒரு கழுகு விமானத்தில் மோதியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது விதிவிலக்கு. அமெரிக்காவில் 1990 முதல் சேர்த்துவரும் பதிவுகளைப் பார்த்தால், பயணிகள் விமானங்களில் நடக்கும் மோதல்களில் பத்தில் ஒன்பது 3,500 அடிக்குக் கீழே. அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும். தரையிறங்கும் விமானம் பொதுவாக மூன்று டிகிரி சரிவில் வரும். ஓடுபாதைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி அது தரையிலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்தில் இருக்கும், பத்து கிலோமீட்டரில் சுமார் 540 மீட்டர். இனி பருந்தைப் பாருங்கள். காலை ஒன்பது பத்து மணிக்குத் தரை சூடேறி வெப்பக்காற்று கிளம்பியதும், இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டே 200, 300 மீட்டர் போய்விடும். அங்கிருந்து கீழே எங்கே சாப்பாடு என்று நோட்டம் விடும். இரண்டு உயரமும் ஒன்றுதான். விமான நிலையத்தின் மதில் இவை இரண்டுக்கும் எங்கோ கீழே, எங்கோ தள்ளி இருக்கிறது.

எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். கடைப் பையன் ஆட்டுத்தொடையிலிருந்து சவ்வையும் கொழுப்பையும் சீவி ஒரு தகர டப்பாவில் சேர்ப்பான். டப்பா பாதி நிரம்பியதும் கடைக்கு வெளியே வந்து, ஒரு கை அள்ளி மேலே வீசுவான். அதுவரை கண்ணில் படாத பருந்துகள் எங்கிருந்துதான் வருமோ, மின்கம்பிகளுக்கு நடுவே சாய்ந்து இறங்கி, கீழே விழுவதற்குள் காலால் பிடித்துக்கொண்டு எழும்பிவிடும். பறந்தபடியே காலை முன்னால் நீட்டித் தலையைக் குனிந்து தின்னும். பைனாகுலர் எடுத்துப் போகவில்லையே என்று ஒவ்வொரு முறையும் வருத்தப்படுவேன்.

"பாய், ஏன் மேலே வீசச் சொல்றீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"கீழ போட்டா நாய் சண்டை சார். மேல வீசினா ஒரு நிமிஷத்துல காலி, தரையும் அழுக்காகாது. அதுவும் வாயில்லா ஜீவன்தானே."

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது. நான் அதைக் காட்டி, உயரக் கணக்கைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். பருந்துகள் அதற்குள் சின்னப் புள்ளிகளாகியிருந்தன.

"சரி சார், நான் மூடி போட்ட டிரம் வாங்குறேன். எதிர்க்கடைக்காரர் வாங்குவாரா? அவர் வாங்கலைன்னா இதெல்லாம் அங்க போய் நிக்கும், அவ்ளோதானே?"

முழுப் பிரச்சினையையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91-ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கும்படி விலங்குகளை வெட்டுவதையும் தோலுரிப்பதையும் குப்பை, கழிவு கொட்டுவதையும் தடுக்கிறது. பறவை வராதபடி தக்க ஏற்பாடு செய்திருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சென்னை வரைபடத்தில் இந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கிண்டி உள்ளே வரும், சைதாப்பேட்டை வரும், தி.நகர் வரும், கிழக்கே பெருங்குடிக் குப்பைமேடும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதியும் வரும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோல் பதனிடுவதற்குப் பெயர்போன ஒரு வட்டாரத்தின் நடுவில் விமான நிலையம் இருக்கிறது, விதியோ தோலுரிக்காதே என்கிறது. பல லட்சம் பேர் வாழ்கிற இடத்தில் இந்த விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற யாராலும் முடியாது.

அந்த விதி பறவைகளைக் குறிப்பிடும்போது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பிணந்தின்னிக் கழுகைத்தான். ஒரு காலத்தில் இந்திய விமானங்களுக்குப் பெரிய பயம் அதுதான். நான்கைந்து கிலோ எடை, உயரத்தில் நிதானமாக மிதக்கும் பழக்கம். 1990-களில் மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, கூட்டம் கூட்டமாக அழித்துவிட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை 2006-ல் தடை செய்தார்கள், ஆனால் அதற்குள் வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. விமானத்துக்கு ஒரு ஆபத்து குறைந்தது என்று யாரும் சந்தோஷப்பட முடியாது. கழிவு அப்படியேதான் கிடக்கிறது, அதைத் தின்னப் பருந்தும் தெருநாயும் இருக்கின்றன.

விதியை முழுதாக நிறைவேற்ற முடியாததால், விழாக்காலத்துக்கு மட்டும் நிறைவேற்றுகிறார்கள். 2025-ல் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்காக பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குள் சில வாரங்கள் இறைச்சி விற்கவே தடை, ஓட்டல்களில் அசைவமும் கிடையாது. இதை நான் ஏற்க மாட்டேன். விற்பதால் பருந்து வருவதில்லை, மிச்சத்தைத் திறந்து போடுவதால் வருகிறது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் குவியும் எச்சில் இலைக்கும் காக்கையும் மைனாவும் உண்ணிக்கொக்கும் வரும், அங்கே சமைத்தது சுத்த சைவமாகவே இருந்தாலும். கறிக்கடைக்குப் பூட்டுப் போடுவது சுலபம், நாள்தோறும் விடியற்காலையில் கழிவை மூடிய வண்டியில் எடுத்துப்போவது கஷ்டம். சுலபமானதைச் செய்துவிட்டுக் கணக்கு முடித்துக்கொள்கிறார்கள்.

வட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாத விமான நிலையம், மதிலுக்குள் விரட்டுகிறது. பறவை விரட்டுவது நமக்குப் புதிய வேலையும் இல்லை. தினைப்புனத்தில் பரண் கட்டி, தட்டை, குளிர் என்ற ஓசைக் கருவிகளை அடித்து, கவண்கல் எறிந்து கிளியோட்டிய வேலைதான். ஆனால் தினைக்குக் காவல் கதிர் முற்றும் சில வாரம்தான். ஓடுபாதைக்கு வருஷம் முழுவதும். நம் விமான நிலையங்களில் ஜீப்பில் சுற்றி வெடி போடும் ஆட்கள் இருக்கிறார்கள், வாயுவில் வெடிக்கும் 'ஜோன் கன்' இருக்கிறது, பறவையின் அலறலை ஒலிபெருக்கியில் போடுவதும் உண்டு. எல்லாமே முதல் சில நாட்களுக்கு அருமையாக வேலை செய்யும். அப்புறம் பறவைக்குப் புரிந்துவிடும், சத்தம்தான், ஒன்றும் ஆகாது என்று. ஃப்ளோரிடாவில் ஒரு விமான நிலையம் 1999-ல் பார்டர் கோலி நாயை வேலைக்கு வைத்தது. நாய் நிஜமாகவே துரத்துவதால் பறவைகளுக்கு அதன்மேல் இருக்கும் பயம் சீக்கிரம் போவதில்லை. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் வல்லூறுகளைப் பறக்கவிட்டார்கள், கடற்புறாக்களைச் சுட்டும் தள்ளினார்கள். 2013-ல் அங்கே பனி ஆந்தைகளைச் சுட்டபோது ஊரே கொதித்தது. அதன்பிறகு பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விட ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஆம்ஸ்டர்டாம் ஷிபோல் விமான நிலையம் 2021-ல் செய்தது. ஓடுபாதைகளுக்கு நடுவே இரண்டு ஹெக்டேர் வயலில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகைக் கிழங்கு அறுவடையான பிறகு மிச்சம் மீதி கிடந்தது, வாத்துகள் அதைத் தின்ன வரும். அங்கே இருபது பன்றிகளை மேயவிட்டார்கள். பன்றி இருக்கும் இடத்தில் வாத்து இறங்கத் தயங்கும் என்பது ஒன்று. வாத்துக்கான சாப்பாட்டைப் பன்றியே தீர்த்துவிடும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

சித்தப்பா மகன் ஒருவன் ஒரு விமான நிலையத்தில் புல்வெட்டும் ஒப்பந்தத்தில் மேற்பார்வையாளனாக இருந்தான். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். புல் பற்றி அவன் பேசினால் நிறுத்தவே மாட்டான். புல்லைக் கட்டையாக வெட்டினால் ஆள்காட்டிக் குருவிக்குக் கொண்டாட்டம். நாலா பக்கமும் தெரிகிற வெட்ட வெளியில், ஓடுபாதை ஓரச் சரளையிலேயே முட்டையிட்டுவிடும். முட்டையும் சரளைக்கல்லும் பக்கத்தில் போனாலும் பிரித்துத் தெரியாது. ஆள் வந்தால் கத்திக்கொண்டு எழும்பி, ஒரு வட்டமடித்து, அதே இடத்தில் இறங்கும். வெடிச் சத்தத்துக்கும் அதே மரியாதைதான். சரி, புல்லை வளர விடலாம் என்றால் எலி வரும், எலிக்குப் பாம்பும், ராத்திரியில் கூகை ஆந்தையும் வரும். இங்கிலாந்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரப் புல் நல்லது என்று கண்டுபிடித்தார்கள். புழு தேடும் பறவைக்கு அதில் நடக்கவும் பிடிக்காது, பதுங்கி வருவதைப் பார்க்கவும் முடியாது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் வளரும் புல்லுக்கு அந்த அளவுகோலை அப்படியே எடுத்துப் போட முடியாது என்பான் அவன்.

பகலில் புல் வெட்டினால் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டி நடக்கும், கிளம்புகிற வெட்டுக்கிளியைப் பிடிக்க. அதனால் விமானம் குறைந்த ராத்திரி நேரத்தில் விளக்கு போட்டு வெட்டுவார்கள். அவன் அதிகம் பயந்தது கோடை மழைக்கு அடுத்த சாயங்காலத்துக்குத்தான். மண் நனைந்ததும் புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பும். மைனா, கரிச்சான், பருந்து, வௌவால், எது எது பறக்குமோ அத்தனையும் அரை மணி நேரத்தில் ஓடுபாதைக்கு மேலே. "அன்னிக்கு வெடி போட்டு என்னண்ணா பிரயோஜனம்? புத்தைத்தான் தேடி அழிக்கணும், அதுவும் மழைக்கு முன்னாடி" என்றான். தரையிலும் தொல்லை உண்டு. 2014-ல் சூரத்தில் புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானம் எருமை மேல் மோதியது. 2015-ல் ஜபல்பூரில் தரையிறங்கிய விமானம் காட்டுப்பன்றிகள் மேல் மோதி ஓடுபாதையை விட்டே விலகிப் போனது. அதற்கு மருந்து நல்ல மதில், அதில் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை.

மோதியது எது என்று தெரியாமல் எதையும் திருத்த முடியாது. பாஸ்டன் விபத்துக்குப் பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி, இன்ஜினில் ஒட்டியிருந்த இறகுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து இனத்தைச் சொன்னார். அதுவே ஒரு தனித் துறையாக வளர்ந்தது. ஹட்சன் வாத்துகளின் இறகைச் சோதித்து, அவை நியூயார்க்கிலேயே தங்கி வாழும் வாத்துகள் அல்ல, வடக்கேயிருந்து வலசை வந்தவை என்றுகூடச் சொல்ல முடிந்தது. இங்கே கோவை ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையம் விமானத்தில் மோதிய பறவைகளை மரபணு மூலம் அடையாளம் கண்டிருக்கிறது. கூகை என்றால் எலியைப் பார், பழந்தின்னி வௌவால் என்றால் சுற்றியுள்ள மரங்களைப் பார், பருந்து என்றால் கறிக்கடைத் தெருவைப் பார். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 'பறவை மோதியது' என்று மட்டும் எழுதி ஃபைலை மூடினால் எல்லாவற்றுக்கும் வெடிதான்.

பருந்துக்கும் ஆள்காட்டிக்கும் சரி, வலசைப் பறவைகளை என்ன செய்வது? ஆண்டுக்கு இரண்டு முறை சுமார் 50 கோடிப் பறவைகள் இஸ்ரேலின் மேலே போகின்றன. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே அவற்றுக்கு அது ஒரு குறுகிய வழி. அந்த நாட்டின் விமானப்படை பறவைகளால் விமானங்களையும் விமானிகளையும் இழந்துகொண்டிருந்தது. யோசி லெஷெம் என்ற பறவையியலாளர் 1980-களில் மோட்டார் கிளைடரில் ஏறி, நாரைக் கூட்டத்தோடு கூடவே பறந்து, எந்தப் பறவை எந்தத் தேதியில், எந்த உயரத்தில், எந்த வழியாகப் போகிறது என்று எழுதிவைத்தார். அவை ஏறத்தாழ நாள் தவறாமல் வருகின்றன என்பது தெரிந்ததும், அந்த நாட்களில் அந்த உயரத்தில் போர்விமானங்கள் பறக்காதபடி பயிற்சியை மாற்றிக்கொண்டார்கள். மோதல்கள் வெகுவாகக் குறைந்தன. ஒரு பறவையைக்கூட விரட்டவில்லை, விமானம் வழிவிட்டது.

எல்லாவற்றுக்கும் முந்திய முடிவு, விமான நிலையத்தை எங்கே கட்டுவது என்பது. இலங்கையில் அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் மத்தல விமான நிலையத்தை 2013-ல் திறந்தார்கள். யானைகள் நடமாடும் வறண்ட காட்டுப் பகுதி, பறவைகளுக்குப் பெயர்போன பூந்தல சதுப்புநிலமும் தூரமில்லை. பயணிகள் வரவில்லை, மயிலும் எருமையும் மானும் வந்தன. 2016-ல் 300-க்கும் மேற்பட்ட ராணுவத்தினரும் காவல்துறையினரும் வெடியும் கம்புமாக வரிசைகட்டி நடந்து அவற்றை வெளியே துரத்த வேண்டியிருந்தது.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் நிலம், அதில் பெரும்பகுதி வயலும் ஏரியும். ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் போராடுகிறார்கள். அவர்கள் வாதத்தில் பறவை முன்னணியில் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் விமானத்தில் போகிறவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. திட்டப் பகுதிக்குள் இருக்கும் ஏரியைத் தூர்த்துவிடலாம். அந்த ஏரியில் மேய்ந்த நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் ஊரைவிட்டுப் போய்விடாது, அடுத்த ஏரிக்குப் போகும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் அடுத்த ஏரிக்குப் பஞ்சமில்லை, ஒன்றின் உபரிநீர் இன்னொன்றுக்குப் போகும்படி சங்கிலியாக இருப்பவை அவை. காலையில் ஒரு ஏரிக்கு மேயப் போய், சாயங்காலம் இன்னொரு ஏரியின் மரத்துக்கு அடையத் திரும்பும் பறவைக்கு, நடுவே போட்ட ஓடுபாதை வழியில் கிடக்கும் வெட்டவெளி, அவ்வளவுதான். அங்கே பத்து கிலோமீட்டர் வட்டம் போட்டால் எத்தனை ஏரி உள்ளே வரும், எந்த மாதம் எது நிரம்பும், எந்தப் பறவை எந்த நேரத்தில் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்க யாராவது உட்கார்ந்து எழுதிவிட்டு, அதன்பிறகு ஓடுபாதையின் திசையை முடிவு செய்யட்டும்.